ஜான் மெக்லெண்டன் என்னும் பயிற்றாசிரியர்

கூடைப்பந்தாட்டத்தை வகுத்தவர் டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பது மாணவ நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலே, கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் அவர் ஆசிரியராக இருந்தார். பனிக்காலம், வெளியே சென்று ஆட இயலாது. அடைபட்டுக் கிடந்த 18 மாணவர்கள் பொறுமையிழந்து நின்றனர். அவர்களுக்காகப் பீச்சுப் பழக்கூடைகள் இரண்டை மேல்மாடத்தின் விளிம்பில் அடித்து மாட்டி, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். அந்த ஆட்டமே இன்று உலகெங்கும் ஆடப்படுகின்றது. நம் நாட்டில் இது பரவியதற்கும் அதே சங்கம் பெருங்காரணமாகும். 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்று சென்ற ஆசிரியர்கள், ஊர் ஊராக இவ்வாட்டத்தைக் கொண்டு சேர்த்தார்கள்.

ஆனால் பலரும் அறியாத ஒரு விந்தை உண்டு. நெய்ஸ்மித் 1898-இல் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகச் சென்று, அங்கே அணியை அமைத்துச் சில ஆண்டுகள் நடத்தினார். அவர் பொறுப்பில் இருந்தபோது அவ்வணி வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. அப்பல்கலைக்கழகத்தின் பயிற்றாசிரியர் வரிசையில், வெற்றியைவிடத் தோல்வி மிகுதியாகப் பெற்றவர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஒருவரே! இதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. இவ்வாட்டம் ஆடுவதற்கு உரியதேயன்றிப் பயிற்றுவதற்கு உரியதன்று என்பது அவர் கொள்கை.

அக்கொள்கையைப் பொய்யாக்கிக் காட்டிய மாணவர் ஒருவர், நெய்ஸ்மித்தின் முதுமைக் காலத்தில் அவரிடமே வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஜான் மெக்லெண்டன். அவரைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மாலை வேளைகளில் மாணவர்களோடு ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்பவன் நான். பந்தைக் கூடையில் இடுகின்றவனைத்தான் கூட்டம் பார்க்கின்றது. அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் பலகையில் அமர்ந்திருக்கிறார், அவரை எவரும் பார்ப்பதில்லை. மெக்லெண்டனையோ பார்க்கவே கூடாதென்று ஒரு சட்டமே இருந்த காலம் அது.

அவர் 1915 ஏப்ரல் 5-ஆம் நாள் கான்சஸ் மாநிலத்து ஹையவாத்தா என்னும் சிற்றூரில் பிறந்தார். கறுப்பினத்தவர். 1933-இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி பயிலச் சேர்ந்தார். கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தவரே அங்கு இருக்கிறார், அவரையே உன் வழிகாட்டி ஆசிரியராகக் கொள் என்று தந்தையார் சொல்லி அனுப்பியிருந்தார். பையன் நேரே நெய்ஸ்மித்தின் அறைக்குச் சென்று, தாங்கள்தாம் என் வழிகாட்டி என்று சொல்லி நின்றான். யார் சொன்னது என்று கேட்டார் கிழவர். என் தந்தையார் என்றான். அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டாராம்.

ஏற்றுக்கொண்டது ஆசிரியர், பல்கலைக்கழகம் அன்று. கறுப்பு மாணவன் வகுப்பில் உட்காரலாம், தேர்வு எழுதலாம், ஆனால் பல்கலைக்கழக அணியில் ஆட இடமில்லை. எந்த ஆட்டத்தை அதன் மூலவரிடமே கற்றானோ, அந்த ஆட்டத்தைத் தன் பல்கலைக்கழகத்தின் பெயரால் ஆட அவனுக்கு உரிமை இல்லை. நீச்சற்குளத்தின் கதை இதனினும் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்ல நா கூசுகின்றது. உடற்கல்விப் பட்டத்துக்கு நீச்சல் கட்டாயப் பாடம். கறுப்பு மாணவரோ குளத்தில் இறங்கக் கூடாது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள்: அவர்கள் நீந்தாமலேயே தேறியதாகக் குறித்துவிடுவது! மெக்லெண்டன் அந்த இனாம் மதிப்பெண்ணை வேண்டாமென்று மறுத்துக் குளத்தில் இறங்கினார். அவர் கரையேறிய பின் குளத்து நீர் முழுவதும் திறந்துவிடப்பட்டது. அவர் விடவில்லை. நெய்ஸ்மித்தும் அவர் பக்கம் நின்றார். முடிவில் குளம் எல்லா மாணவருக்கும் பொதுவாயிற்று. 1936-இல் அப்பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டம் பெற்ற முதல் கறுப்பு மாணவராக அவர் வெளியே வந்தார். மறு ஆண்டு அயோவா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

அணியில் ஆட இயலாத அம்மாணவர், அந்த ஆண்டுகளில் வேறொன்று செய்தார். நெய்ஸ்மித் சொல்வதைக் கூர்ந்து கேட்டார். பந்து எங்கே இருக்கிறதோ அங்கேயே ஆட்டம் இருக்கிறது. எதிரியின் கூடைக்கு அருகே சென்ற பின்புதான் தாக்குதல் தொடங்க வேண்டுமென்பதில்லை என்பது அக்கிழவர் கருத்து. இந்த ஒரு கருத்தை விதையாகக் கொண்டு மெக்லெண்டன் ஒரு முழு ஆட்ட முறையையே வளர்த்தெடுத்தார்.

அம்முறை இன்னதென்று விளங்க வேண்டுமானால், அக்காலத்து ஆட்டம் எவ்வாறு இருந்தது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். முன்னாளில் ஒவ்வொரு முறை பந்து கூடையில் விழுந்த பின்பும், அதை ஆடுகளத்தின் நடுவுக்குக் கொண்டு வருவார்கள். நடுவர் அதை மேலே எறிய, இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் எழும்பித் தட்டுவர். பிறகே ஆட்டம் தொடரும். எனவே இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு முறை ஆட்டம் நின்று மூச்சு வாங்கும். நெட்டையான ஒருவன் நடுவில் இருந்தால் பந்து எப்போதும் அவன் தரப்புக்கே. 1937-இல் இவ்விதி நீக்கப்பட்டது. கூடை விழுந்ததும், விழுந்த தரப்பினர் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிந்து உடனே ஆடலாம் என்றாயிற்று. ஆட்டத்தின் நாடி மாறிவிட்டது. ஆயினும் பயிற்றாசிரியர் பலர் பழைய நடையிலேயே சென்றனர். பந்தைக் கைக்குக் கை மாற்றி, சுற்றிச் சுற்றி வந்து, ஆற அமர எறிவார்கள். இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்னும் கடிகார விதி கல்லூரி ஆட்டத்துக்கு 1985 வரை வரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அவசரப்பட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

அதே 1937-இல்தான் மெக்லெண்டன் வட கரோலினா மாநிலத்து டர்ஹாம் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். நீக்ரோக்களுக்கான வட கரோலினாக் கல்லூரி என்பது அவர் பணி ஏற்ற நிறுவனத்தின் அக்காலப் பெயர். இன்று அது வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகம். முதலில் துணைப் பயிற்றாசிரியர். 1940 முதல் தலைமைப் பயிற்றாசிரியர். அங்கே அவர் தம் விரைவாட்டத்தைத் தொடங்கினார்.

விரைவாட்டம் என்றவுடன் கண்மண் தெரியாமல் ஓடுவது என்று எண்ணிவிடாதீர்கள். நம் மாணவர்களில் பலர் அப்படித்தான் எண்ணி ஓடுகிறார்கள். பந்து ஒரு பக்கம் போக, ஆள் ஒரு பக்கம் போவான். மெக்லெண்டனின் விரைவு கணக்கிட்ட விரைவு. எதிரி எறிந்த பந்து கூடையில் விழாது பலகையில் மோதித் திரும்புகிறது என்று வையுங்கள். அதைப் பிடித்தவன் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவதில்லை. பிடித்த கையோடு ஓரத்தில் நிற்கும் தோழனுக்கு எறிந்துவிடுகிறான். அவன் நடுவில் ஓடிவரும் மற்றொருவனுக்கு அனுப்புகிறான். இதற்குள் இருவர் ஆடுகளத்தின் இரு ஓரங்களிலும் அம்புபோல முன்னே விரைந்திருப்பார்கள். நடுவில் ஒருவன், ஓரங்களில் இருவர் என மூவர் மூன்று தடங்களில் வந்து இறங்கும்போது, எதிர்த்தரப்பில் தடுப்பதற்கு ஒருவரோ இருவரோதான் திரும்பி வந்திருப்பர். மூவரை இருவர் தடுப்பது எங்ஙனம்? யாராவது ஒருவன் தனியே நிற்பான். பந்து அவனிடம் போகும். அந்த முதல் அலை தவறினால், பின்னால் வரும் இருவர் இரண்டாம் அலையாக வந்து சேர்வர். ஆடுகளத்தின் நீளம் 94 அடி. கால் வைக்கும் ஒவ்வோர் அடியையும் அவர் முன்பே வரைந்து வைத்திருந்தார்.

தற்காப்பிலும் அவ்வாறே. எதிரி தன் கூடையடியிலிருந்து பந்தை உள்ளே எறியும்போதே அவனை நெருக்கிப் பிடிப்பது அவர் வழக்கம். 94 அடியும் போர்க்களம்தான். எதிரி இளைப்பாற ஓரடி நிலமும் விடுவதில்லை. நெய்ஸ்மித் சொன்ன சொல் இங்கே பயன்பட்டது.

இத்தகைய ஆட்டத்துக்கு முதல் தேவை மூச்சு. ஆகவே பருவம் தொடங்குவதற்கு வெகு நாள் முன்பே தம் மாணவர்களைப் பந்தைத் தொடவிடாமல், காடு மேடெல்லாம் நெடுந்தொலைவு ஓடச் செய்வார். பந்து பிடிக்க வந்தவனைப் பாதையில் ஓடவிட்டால் அவன் முகம் சுளிப்பான். இது எல்லா ஊர்ப் பையன்களுக்கும் பொது. ஆனால் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் எதிரணி நாக்குத் தள்ளி நிற்க, இவர்கள் தொடங்கியபோது ஓடிய வேகத்திலேயே ஓடுவார்கள். அப்போது அப்பையன்களுக்குக் காரணம் புரியும். மெக்லெண்டன் உரக்கப் பேசுபவரல்லர். மெல்லிய குரலும் அமைந்த தோற்றமும் உடையவர். அந்தக் குரலில் சொல்லப்பட்டதை எவரும் மீறியதில்லை.

இனி 1944-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டுப் பருவத்தில் டர்ஹாம் கல்லூரி அணி ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றிருந்தது. இத்தகைய அணியை அமெரிக்காவின் தேசியப் போட்டிகள் அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை. அப்போட்டிகளின் கதவு கறுப்பர் கல்லூரிகளுக்கு அடைக்கப்பட்டிருந்தது. தென் மாநிலங்களில் பள்ளி வேறு, மருத்துவமனை வேறு, குடிநீர்க் குழாய் வேறு, பேருந்தில் இருக்கை வேறு. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே களத்தில் எதிரெதிர் நின்று ஆடுவது என்பது நினைத்தும் பார்க்கக் கூடாத ஒன்று. டர்ஹாமிலேயே, டியூக் பல்கலைக்கழகம் இருந்தது. புகையிலைச் செல்வத்தால் எழுந்த பெரும் பல்கலைக்கழகம். சில கல் தொலைவுதான். ஆனால் இரு கல்லூரி மாணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறியார்.

முற்றிலும் அறியார் என்றும் சொல்வதற்கில்லை. கிறித்தவ இளைஞர் சங்கத்தைச் சேர்ந்த இரு தரப்பு மாணவர் சிலர் மறைவாகக் கூடி வழிபாடு செய்துவந்தனர். அத்தகைய கூட்டத்தில் பேச்சு கூடைப்பந்தின் பக்கம் திரும்பியது. டியூக் மருத்துவக் கல்லூரியில், படைத்துறைப் பயிற்சித் திட்டத்தின்கீழ்ப் படிக்க வந்தவர்கள் பலர் வேறு பெரிய கல்லூரிகளில் ஆடித் தேர்ந்தவர்கள். அவர்களின் அணி அவ்வட்டாரத்தில் பெயர் பெற்றிருந்தது. நகரத்தின் சிறந்த அணி எங்களுடையது என்றான் ஒருவன். எங்கே, எங்களோடு ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றான் மற்றவன். செய்தி மெக்லெண்டனிடம் வந்தது.

அவர் எடுத்த முடிவின் கனத்தை இன்று நாம் முழுதும் உணர்வது அரிது. வெளியே தெரிந்தால் அவர் வேலை போகும். கல்லூரிக்கு அரசு தரும் பணம் நின்றுபோகும். அவை சிறிய இழப்புகள். உயிருக்கே ஊறு நேரலாம். இதை மிகையென்று எண்ணாதீர்கள். அதே ஆண்டு ஜூலை மாதத்தில் அதே டர்ஹாமில், பேருந்தின் பின்னிருக்கைக்கு விரைந்து செல்லவில்லை என்பதற்காக, படைச் சீருடை அணிந்த கறுப்புப் போர்வீரர் ஒருவரை ஓட்டுநர் சுட்டுக் கொன்றார். வழக்கு நடந்து, ஓட்டுநர் குற்றமற்றவர் என விடுதலையும் பெற்றார். அந்நகரத்தில்தான் 28 வயதுப் பயிற்றாசிரியர் ஒருவர், ஆடலாம் என்று சொன்னார்.

நாள் 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. நேரம் முற்பகல். ஊரார் எல்லாரும், காவலர் உட்பட, தேவாலயத்தில் இருக்கும் வேளை. மருத்துவ மாணவர்கள் கடன் வாங்கிய கார்களில், நேர்வழியில் வராமல் சுற்று வழியாக வந்தனர்; இறங்கியதும் மேற்சட்டையைத் தலைமேல் இழுத்துப் போர்த்துக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தனர். மெக்லெண்டன் கதவைத் தாழிட்டார். பார்வையாளர் இல்லை. ஒரு நடுவர் இருந்தார், கடிகாரம் இருந்தது. எப்படியோ மணம் பிடித்த கல்லூரி மாணவர் சிலர் மட்டும் வெளியிலிருந்து ஏறிச் சாளரங்களின் வழியே எட்டிப் பார்த்தனர்.

தொடக்கத்தில் இரு தரப்பும் தடுமாறின. கைக்கு வந்த பந்து நழுவியது; எளிய எறிகள் தவறின. இவர்கள் பலருக்கு வெள்ளையரோடு உடல் உரச நிற்பதே வாழ்நாளில் முதல் தடவை. மோதினால் என்ன ஆகும்? தள்ளினால் அவன் அடிப்பானா? இத்தகைய எண்ணங்கள் மனத்தில் ஓடும்போது கால் எப்படி ஓடும்? சில நிமிடங்கள் சென்றன. தாம் பயின்ற ஆட்டத்தை ஆடினாலே போதும், இவர்களை வெல்லலாம் என்பது மெக்லெண்டனின் மாணவர்க்குப் புலப்பட்டது. பிறகு அந்த மூன்று தடங்களில் ஓட்டம் தொடங்கியது. மருத்துவ மாணவர்கள் அப்படியோர் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. முடிவில் கணக்கு 88-க்கு 44. சரியாக இரு மடங்கு.

எனக்கு இந்த 88-ஐவிட அதற்குப் பின் நடந்ததே பெரிதாகத் தோன்றுகின்றது. சற்று இளைப்பாறிய பின், வந்தவர்களும் இருந்தவர்களும் கலந்து இரண்டு புதிய அணிகளாகப் பிரிந்து மற்றோர் ஆட்டம் ஆடினார்கள். ஓர் அணியில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து, ஒருவர் எறிய ஒருவர் பிடித்து ஆடினர். முதல் ஆட்டத்துக்கு ஒரு சவால் காரணம். இரண்டாவது ஆட்டத்துக்கு எந்தக் காரணமும் இல்லை. பிறகு மாணவர் விடுதிக்குச் சென்று உட்கார்ந்து நெடுநேரம் பேசினர். மாலைக்குள் கார்கள் வந்த வழியே போய்விட்டன.

செய்தி வெளிவரவில்லை. கறுப்பர் நடத்திய வாரப் பத்திரிகையின் நிருபர் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவரும் எழுதாமல் இருந்துவிட்டார். ஒரு நிருபருக்கு இதைவிடக் கடினமான தியாகம் இருக்க முடியாது! இவ்வாறு அந்த ஆட்டம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த பொருள்போல் கிடந்தது. ஸ்காட் எல்ஸ்வொர்த் என்னும் வரலாற்றாசிரியர், அன்று ஆடியவர்களைத் தேடிச் சென்று கேட்டு, 1996-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 2015-இல் நூலாகவும் விரித்தார். அப்போதுதான் உலகம் அறிந்தது.

மறைவாக ஆடியது கோழைத்தனமன்றோ, வெளிப்படையாகவே ஆடியிருக்கலாமே என்று கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஆசிரியர் ஒருவர் தம் உயிரைப் பணயம் வைக்கலாம். தம் மாணவர்களின் உயிரைப் பணயம் வைக்கலாமா? கதவைத் தாழிட்டது அம்மாணவர்களின் பொருட்டே என்பது என் எண்ணம். அடைக்கப்பட்ட கதவுகளை வெளிப்படையாகத் திறக்கும் வேலையையும் அவர் பின்னாளில் செய்தார். அதற்கு உரிய காலமும் வழியும் அறிந்து செய்தார்.

1946-இல், கறுப்பர் கல்லூரிகளின் கூட்டமைப்பு ஒன்று தனக்கென ஒரு போட்டியை வாஷிங்டன் நகரில் தொடங்கியது. அதைத் தோற்றுவித்தவர்களுள் மெக்லெண்டனும் ஒருவர். முதற்போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவருடைய அணி, மூன்று முறை மிகைநேரம் கொடுக்கப்பட்ட பிறகு வர்ஜீனியா யூனியன் கல்லூரியை வென்றது. அப்போட்டி இன்றளவும் ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றது. 1952-இல் டர்ஹாமைவிட்டு ஹாம்ப்டன் கல்லூரிக்குச் சென்றார். அங்கே இரண்டு ஆண்டுகள். 1954-இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் உள்ள டென்னசி வேளாண்மை, தொழில் அரசுப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார்.

சிறிய கல்லூரிகளுக்கான தேசியச் சங்கம் ஒன்று, ஆண்டுதோறும் கான்சஸ் நகரத்தில் 32 அணிகளைக் கூட்டிப் போட்டி நடத்திவந்தது. கறுப்பர் கல்லூரிகளுக்கு முதன்முதல் கதவைத் திறந்த தேசியப் போட்டி அதுவே. கதவு திறந்ததென்றாலும், களத்துக்குள் மட்டும்தான். ஆட்டம் முடிந்ததும் மற்ற அணிகள் நகர நடுவிலுள்ள ஓட்டல்களுக்குச் செல்ல, கறுப்பு ஆட்டக்காரர்கள் வேறு எங்கோ தங்க இடம் தேட வேண்டும். 1954-இல் அச்சங்கம் அழைப்பு அனுப்பியபோது மெக்லெண்டன் ஒரு நிபந்தனை விதித்தார். மற்ற அணிகள் தங்கும் ஓட்டலில் என் மாணவரும் தங்க வேண்டும், அவர்கள் உண்ணும் இடத்தில் இவர்களும் உண்ண வேண்டும். இல்லையேல் நாங்கள் வரவில்லை. சங்கம் இசைந்தது. கான்சஸ் நகரத்து ஓட்டல் ஒன்று ஒரு கறுப்பர் அணிக்குக் கதவு திறந்தது. நீச்சற்குளத்தின் கரையில் நின்ற அதே மாணவர்தான் இவர் என்பது உங்களுக்குப் புலப்படும்.

அந்தப் போட்டியில் 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவர் அணி வாகை சூடியது. தேசியப் பட்டத்தை மூன்று முறை தொடர்ந்து பெற்ற கல்லூரிப் பயிற்றாசிரியர் அதற்கு முன் அமெரிக்காவில் இல்லை. 32 அணிகள் என்றால் பட்டம் பெற ஐந்து ஆட்டங்கள் வெல்ல வேண்டும். அவையும் ஒரே வாரத்தில். நான்காம் நாள், ஐந்தாம் நாள் வரும்போது மற்றவர் கால்கள் ஈயமாகக் கனக்கும். காடு மேடெல்லாம் ஓடிய கால்களுக்கு அது வழக்கமான வாரமே. டிக் பார்னெட், ஜான் பார்ன்ஹில் ஆகிய புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் அவ்வணியில் இருந்தவர்கள். பார்னெட் பின்னர் நியூயார்க் அணியில் சேர்ந்து 1970-இலும் 1973-இலும் தொழில்முறைப் பட்டம் வென்றார்.

இடையே ஒன்று சொல்லிச் செல்கிறேன். மெக்லெண்டன் 1959-இல் நாஷ்வில்லை விட்டுச் சென்றார். மறு ஆண்டு பிப்ரவரியில் அதே நகரத்து மாணவர்கள், அப்பல்கலைக்கழகத்தினரும் உள்ளிட்டோர், வெள்ளையர்க்கு மட்டும் என்றிருந்த சிற்றுண்டிச் சாலைகளில் சென்று அமைதியாக அமர்ந்து அறப்போர் நடத்தினர். அவர்களுக்கு அம்முறையைக் கற்பித்த ஜேம்ஸ் லாசன், நம் நாகபுரியில் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றிக் காந்தியடிகளின் வழியை அறிந்து சென்றவர்.

அடுத்து வந்த ஆண்டுகளை விரைவாகவே சொல்லலாம். கிளீவ்லாந்து நகரத்துப் பைப்பர்ஸ் என்னும் அணியை ஏற்று நடத்தினார். அவ்வணி 1961-இல் புதிய தொழில்முறைச் சங்கமொன்றில் சேர்ந்தபோது, தொழில்முறைச் சங்க அணிக்குத் தலைமைப் பயிற்றாசிரியரான முதல் கறுப்பர் என்ற பெயர் அவருக்கு வந்தது. ஆனால் ஆட்டக்காரர்களை நடத்தும் விதத்தில் உரிமையாளரோடு கருத்து வேறுபாடு தோன்றியது. 1962-இல், பருவத்தின் நடுவிலேயே விலகிக்கொண்டார். பட்டம் வெல்லக்கூடிய அணி அது. அவர் விலகிய பின் வென்றும் விட்டது. மீண்டும் கல்லூரிக்கே திரும்பினார். கென்டக்கி அரசுக் கல்லூரியில் சில காலம் இருந்த பின், 1966-இல் கிளீவ்லாந்து அரசுப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. வெள்ளை மாணவர் பெரும்பான்மையாக உள்ள பல்கலைக்கழகம் ஒன்று கறுப்பரைத் தலைமைப் பயிற்றாசிரியராக அமர்த்தியது அதுவே முதல் தடவை. 1969-இல் டென்வர் நகரத்துத் தொழில்முறை அணியைச் சில மாதங்களே நடத்தினார். அங்கு வெற்றி கிட்டவில்லை. எல்லாக் களத்திலும் ஒருவரே வெல்வார் என்பதில்லை. அவருடைய இடம் வகுப்பறையும் கல்லூரிக் களமுமே என்று நான் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1965-இல் விரைவாட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. தாம் கண்டறிந்த நுட்பங்களை மறைத்து வைக்காமல் படங்களோடு எழுதிக் கொடுத்துவிட்டார். இதில் இன்னொரு சுவையும் உண்டு. ஓடு ஓடு என்று விரட்டிய இவரேதான், முன்னணியில் இருக்கும்போது பந்தை எதிரிக்குக் கொடாமல் மெல்ல மெல்ல வைத்துக்கொள்ளும் முறை ஒன்றையும் வகுத்தவர். இருவரை மூலைகளில் நிறுத்திக் களத்தை அகலமாக்கி, நடுவில் தேர்ந்தவன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பான். பின்னாளில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் டீன் ஸ்மித் புகழ்பெறச் செய்த நான்கு மூலை ஆட்டத்துக்கு இது முன்னோடி. எதிரி விரைந்தால் மெதுவாக, எதிரி மெதுவானால் விரைவாக. ஆட்டத்தின் வேகத்தைத் தன் கையில் வைத்திருப்பதே அவர் கலை.

ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஆட்டம் பிறந்த இடத்திலேயே, நெய்ஸ்மித்தின் பெயரால் கூடைப்பந்துப் புகழ் மண்டபம் ஒன்று இருக்கின்றது. 1979-இல் மெக்லெண்டனை அதில் சேர்த்தார்கள். எந்தத் தலைப்பின்கீழ்த் தெரியுமா? பயிற்றாசிரியர் என்று அன்று. ஆட்டத்துக்குத் தொண்டு செய்தவர் என்று. மூன்று முறை தொடர்ந்து தேசியப் பட்டம் பெற்றவரைப் பயிற்றாசிரியர் என்று அழைக்க அவர்களுக்கு நா எழவில்லை போலும். அவர் அதைப் பற்றி ஆரவாரம் செய்யவில்லை. முதுமையில் கிளீவ்லாந்துப் பல்கலைக்கழகத்தில், விளையாட்டின் வரலாற்றையும் அதில் சிறுபான்மையினரின் பங்கையும் மாணவர்க்குக் கற்பித்துக்கொண்டிருந்தார். 1999 அக்டோபர் 8-ஆம் நாள், தமது 84-ஆம் வயதில் காலமானார்.

2016-இல் அப்புகழ் மண்டபம் அவரைப் பயிற்றாசிரியர் என்ற பெயரிலேயே இரண்டாம் முறை சேர்த்துக்கொண்டது. அவருடைய மாணவர்கள் அத்தோடு அமையவில்லை. மூன்று பட்டம் வென்ற டென்னசி அணியை முழு அணியாகவே சேர்க்க வேண்டுமென்று டிக் பார்னெட் பல ஆண்டுகள் விடாது முயன்றுவந்தார். 2019-இல் அதுவும் நிறைவேறியது. அவ்வணியில் அன்று உயிரோடிருந்தவர்கள் ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சென்று, நெய்ஸ்மித்தின் பெயர் தாங்கிய மண்டபத்தில் தங்கள் பயிற்றாசிரியரின் பெயருக்கு அருகே தங்கள் அணியின் பெயரும் பொறிக்கப்பட்டதைக் கண்டார்கள்.